வலியை எப்படி வரைவது? கேள்வி பதில்

முடக்குவாதம் என்ற மூட்டு நோயோடு ஓவியம் கற்பிப்பவள் நான். நீடித்த வலியோடும் அயர்ச்சியோடும் வாழ்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மருத்துவர், ‘வலி பத்துக்கு எத்தனை?’ என்கிறார். ‘ஆறு’ என்கிறேன். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. இதை எப்படி வரைவது?

பதில்: எண்ணை விடுங்கள். அது அளவைச் சொல்லும், வலியின் குணத்தைச் சொல்லாது. உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாப்பட்டியல், நோயாளியிடம் சொற்களைக் கொடுத்துப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. நமக்குச் சொல்லுக்கா பஞ்சம்? குடைகிறது, கடுக்கிறது, சுண்டி இழுக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது. ஒவ்வொன்றையும் ஒரு கோடாக்குங்கள். குடைச்சலுக்குப் பென்சிலை ஒரே இடத்தில் அழுத்திச் சுழற்றுங்கள். சுண்டி இழுப்பதற்கு ஒரே வீச்சில் நீளும் கோடு. கடுப்புக்குக் கோடே வேண்டாம். கரித்துண்டைப் படுக்கவைத்துத் தேயுங்கள். உடலின் வெளிக்கோட்டை வரைந்து, எங்கே எது வலிக்கிறதோ அங்கே இவற்றைப் போடுங்கள். அடுத்த முறை அந்தத் தாளையே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: எனக்கு வரையவே வராது. நானும் செய்யலாமா?

பதில்: தாராளமாக.

கேள்வி: நாள்பட்ட அயர்ச்சி நோய் இருக்கிறது. தெம்பான ஒரு நாளில் மாலைவரை வரைந்தேன். மறுநாள் தொடங்கி எழுந்திருக்கவே முடியவில்லை.

பதில்: இந்த நோயில் உழைப்பின் விளைவு பெரும்பாலும் உடனே தெரியாது; மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் ஆளைச் சாய்க்கும். அதனால் களைத்த பிறகு நிறுத்துவது காலம் கடந்த முடிவு. தெம்பு மிச்சம் இருக்கும்போதே தூரிகையைக் கீழே வையுங்கள். என்னிடம் வருகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்.

உடலுக்கேற்ற முறையையும் தேடுங்கள். பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி மத்தீஸ் 1941இல் பெரிய வயிற்று அறுவைச் சிகிச்சைக்கு ஆளானார். அதற்குப் பின் ஓவியச் சட்டத்தின் முன் நெடுநேரம் நிற்பது அவருக்குக் கடினம். உதவியாளர்கள் தாள்களுக்கு வண்ணம் பூசித் தந்தார்கள். அவர் படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ இருந்தபடி கத்தரியால் உருவங்களை வெட்டினார். பிறர் கையை வாங்கிக்கொள்வதால் படைப்பு உங்களுடையது இல்லை என்று ஆகிவிடாது.

கேள்வி: மெக்ஸிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவைக் கலைஞர் ஆக்கியதே வலிதானே? வலி மாத்திரை எடுத்தால் கலை மங்கிவிடாதா?

பதில்: இந்த எண்ணம் பலரைக் கெடுத்திருக்கிறது, ஆகவே விரிவாகச் சொல்கிறேன். 1925 செப்டம்பர் 17 அன்று மெக்ஸிகோ நகரில் அவர் சென்ற பஸ்ஸின் மீது டிராம் மோதியது. முதுகெலும்பும் இடுப்பும் முறிந்தன. படுக்கையில் கிடந்தவருக்கு வீட்டார் படுத்தபடியே வரையத் தனிச் சட்டம் செய்து, தலைக்கு மேல் கண்ணாடி பொருத்தினார்கள். அந்தச் சட்டமும் கண்ணாடியும் இல்லாமல் அதே வலி மட்டும் இருந்திருந்தால் ஓவியம் ஏது? 1944இல் வரைந்த ‘உடைந்த தூண்’ ஓவியத்தைப் பாருங்கள். முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் விரிசல் விட்ட கல்தூண், உடலெங்கும் ஆணிகள், கன்னத்தில் கண்ணீர், ஆனால் நேராக நம்மையே பார்க்கும் கண்கள். ஒவ்வோர் ஆணியும் நிதானமான கை வைத்தது. வலி மிகுந்த கடைசி ஆண்டுகளில் அந்த நுணுக்கம் அவரிடம் குறைந்தது. அதற்கு மருந்தும் மதுவும்கூடக் காரணம்தான். ஆனால் அவற்றை நாட வைத்ததும் வலியே. மாத்திரையை நிறுத்துவது, குறைப்பது எல்லாம் உங்கள் மருத்துவரிடம் பேச வேண்டியவை.

கேள்வி: மேலே சொன்னதை ஏற்க முடியவில்லை. ஓவியர் பால் க்ளே நோயுற்ற பிறகுதானே மிக அதிகமாக வரைந்தார்?

பதில்: பாதிதான் சரி. க்ளேக்கு நோய் வந்தது 1935இல். 1936இல் அவர் செய்தவை ஏறத்தாழ 25 படைப்புகள் மட்டுமே. 1939இல் ஆயிரத்து இருநூறுக்கும் மேல். இரண்டு ஆண்டுகளிலும் நோய் இருந்தது. நோய்தான் ஊற்று என்றால் 1936 ஏன் வறண்டது? வேலை செய்யும் வலு ஓரளவு திரும்பியபோது, தடித்த கோடுகளும் எளிய வடிவங்களுமாக ஒரு புதிய முறையில் அவர் வரைந்தார். நோய் அவர் வரைந்த விதத்தை மாற்றியது என்றால் ஒப்புக்கொள்கிறேன். நோய்தான் வரைய வைத்தது என்றால் மாட்டேன். வலியில் இருப்பவரிடம் ‘இது உனக்குக் கிடைத்த வரம்’ என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள்.

கேள்வி: வரைந்தால் வலி போய்விடுமா?

பதில்: பலர் இதையே கேட்டிருக்கிறீர்கள். போகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கொடுப்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: ஓவியம் கற்காதவர்கள் இதைச் செய்யலாமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: விரல்கள் மடங்குவதில்லை. பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் போலத் தூரிகையைக் கையோடு கட்டிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். ரெனுவாரும் அப்படிச் செய்யவில்லை. முடக்குவாதத்தால் உள்ளே மடங்கிய விரல்கள் உள்ளங்கையைப் புண்ணாக்காமல் இருக்கத்தான் அவர் கையில் துணிக்கட்டு இருந்தது. தூரிகையை உடனிருப்பவர்கள் அவர் விரலிடுக்கில் வைத்தார்கள். இறுகக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைபடும். அதற்குப் பதில் தூரிகையின் காம்பில் பஞ்சும் துணியும் சுற்றித் தடிமனாக்குங்கள். மெல்லிய காம்பைவிடப் பிடிக்க எளிது. காம்பு தயாரான அன்றே பெரிய படத்தைத் தொடங்கிவிடாதீர்கள்.