ஒரே போர்வைக்குள் மூன்று அரசர்கள்

அன்புள்ள ஐயா,

பிரான்சில் ஓத்தன் நகரப் பேராலயத்தில் தூணின் தலைக்கல்லான போதிகை ஒன்றைப் படத்தில் பார்த்தேன். மூன்று அரசர்கள் கிரீடத்தோடு ஒரே போர்வைக்குள் படுத்திருக்கிறார்கள். சிரிப்புதான் வந்தது. எழுத்தறியாத மக்களுக்காகச் செதுக்கிய ‘கல் பைபிள்’ என்கிறார்களே, அவ்வளவுதானா?

ம.

அன்புள்ள ம.,

அந்தப் போர்வையை இன்னொரு முறை பாருங்கள். போதிகைக் கல் கீழே குறுகி மேலே விரியும். மூன்று கட்டிலுக்கு அதில் இடமில்லை. அதனால் சிற்பி படுக்கையை அப்படியே நிமிர்த்தி, மூவர் மேலும் அரைவட்டமாக ஒரே போர்வையை விரித்துவிட்டார். கிரீடம் இல்லாவிட்டால் அவர்கள் யாரென்றே தெரியாது. (விண்மீனைப் பின்தொடர்ந்து குழந்தை இயேசுவைக் காண வந்தவர்களை மத்தேயு தம் நற்செய்தியில் ‘ஞானிகள்’ என்று மட்டுமே சொல்கிறார். மூவர், அரசர் என்பதெல்லாம் பின்னால் சேர்ந்தவை.)

குழந்தையைக் கொல்லத் தேடிய அரசன் ஏரோதிடம் திரும்ப வேண்டாம் என்று கனவில் எச்சரிக்கப்பட்டார்கள். மத்தேயுவில் இருப்பது இந்த ஒரு வசனம்தான், வானதூதர்கூட அதில் இல்லை. கல்லில் தூதர் ஒரு கையால் விண்மீனைச் சுட்டுகிறார், மறுகையின் ஒற்றை விரலால் ஓர் அரசரின் கையைத் தொடுகிறார். அவர் மட்டும் கண் திறந்துவிட்டார். மற்ற இருவரும் இன்னும் உறக்கத்தில். குழந்தையை எழுப்பும் தாய்க்கும் அவ்வளவு மெதுவாகத் தொட வராது.

‘எழுத்தறியாதவர் சுவரில் வாசிக்கட்டும்’ என்ற கருத்து, 600-ஆம் ஆண்டு வாக்கில் போப் பெரிய கிரகோரி மார்செய் ஆயருக்கு எழுதிய கடிதத்திலிருந்து வருவது. ஆனால் இதே ஆலயத்தின் மேற்கு வாசலுக்கு மேல், 1130-ஐ ஒட்டிய இறுதித் தீர்ப்புச் சிற்பத்தைச் சுற்றி லத்தீன் செய்யுள்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கிறிஸ்துவின் காலடியில் ‘ஜிஸ்லெபெர்ட்டுஸ் இதைச் செய்தார்’ என்ற வரியும் உண்டு. எழுத்தறியாதவருக்கு லத்தீன் எதற்கு? என் எண்ணத்தில், இந்தக் கல் கதை சொல்ல வந்ததல்ல. பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டுக் கதையை அறிந்தவரை ஒரு கணத்தில் நிற்கவைக்க வந்தது.

1766-இல் அந்த ஆலயத்துக் குருக்களே இறுதித் தீர்ப்பின் மேல் சாந்து பூசி மூடினார்கள். துருத்திக்கொண்டிருந்த கிறிஸ்துவின் தலையை உடைத்தெடுத்தார்கள். நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. ஆனால் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் சிற்பத்தைக் காத்ததும் அந்தச் சாந்துதான். 1837-இல்தான் அது மறுபடி வெளிச்சம் கண்டது.

அந்த ஆலயத்தின் வடக்கு வாசலில் ஒருகாலத்தில் இருந்த ஏவாள் ஒரு வீட்டுச் சுவரில் வெறும் கட்டுமானக் கல்லாகக் கிடந்தாள். 1856-இல் வீட்டை இடித்தபோது கிடைத்தாள். ஆதாம் கிடைக்கவேயில்லை. இப்போது அவள் அதே ஊரில் ரொலான் அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். கிடைமட்டக் கல் என்பதால் செடிகளுக்கிடையே நீந்துவதுபோல் சாய்ந்திருக்கிறாள். வலது கையைக் கன்னத்தருகே குவித்து, அங்கில்லாத ஆதாமிடம் ரகசியம் பேசுகிறாள். இடது கை, அவள் திரும்பிக்கூடப் பாராமல், பின்னால் கனியைப் பற்றுகிறது. கல்லின் வலது ஓரத்தைப் பாருங்கள். கிளையை அவள் கைக்கு வளைத்துக் கொடுக்கும் சாத்தானின் நகம் ஒன்று அங்கே இருக்கிறது.