பெரிய கப்பலுக்கு பேட்டரி போதாதா?

கேள்வி: கொச்சியில் மின்சாரப் படகு ஓடுகிறது. மும்பை அருகே நவ சேவா துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பல்கள் மட்டும் ஏன் பேட்டரிக்கு மாறவில்லை? மெத்தனால் என்ற ஆல்கஹால் எரிபொருள்தான் தீர்வா?
– வாசகர், மாட்டுங்கா, மும்பை

பதில்: எடைதான் தடை. நாளுக்கு 100 டன் எண்ணெய் எரிக்கும் கப்பல் 15 நாள் போனால் 1,500 டன். ஒரு கிலோ எண்ணெயில் சுமார் 11 யூனிட் ஆற்றல். இன்ஜின் அதில் பாதியைத்தான் உந்துவிசையாக்கும். ஆக, தேவை 82.5 லட்சம் யூனிட். பேட்டரித் தொகுப்பு கிலோவுக்கு 0.15 யூனிட் தரும் என்று வைத்தால் 55,000 டன் பேட்டரி ஏற்ற வேண்டும்! சரக்குக்கு இடமேது?

கொச்சி கதை வேறு. 2023-ல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ படகுச் சேவை குறுகிய தூரம் ஓடி, அடுத்தடுத்து சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது. அதற்கேற்ப, வேகமாக சார்ஜாகும் லித்தியம் டைட்டனேட் பேட்டரி. நம்ம மும்பை–மாண்ட்வா படகுகளுக்கும் இந்த வழி பொருந்தும். இது சீக்கிரம் வர வேண்டும்.

மெத்தனால் நல்ல வழிதான், ஆனால் அதே ஆற்றலுக்கு டேங்க் எண்ணெயைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு பெரிதாக வேண்டும். டீசலைப் போல அதற்கு வழவழப்பு கிடையாது. எரிபொருள் பம்புக்குள் முன்னும் பின்னும் நகரும் தண்டான பிளஞ்சரில் கீறல் விழும். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓரிங், மெத்தனாலுக்குப் பொருந்தாத வகையாக இருந்தால் ஊதிப்போய்க் கசியும். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. எளிதில் தீப்பற்றும், ஆவியும் நச்சு என்பதால் இரட்டைச் சுவர்க் குழாயும் வாயு உணரியும் கட்டாயம் வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள்: இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்த மெத்தனாலால் கார்பன் குறையாது. சூரிய, காற்று மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் பசுமை ஹைட்ரஜனிலோ உயிர்க்கழிவிலோ செய்ததை வாங்கினால்தான் பலன்.