துணியின் பின்பக்கம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் கணவருடன் ஐந்து நாள் இந்தோனேசியாவின் ஜாவா தீவுக்குப் போய்வந்தேன். போரோபுதூர், பிரம்பானான் கோயில்களைப் பார்த்தோம், பிரமிப்பாக இருந்தது. ஆனால் ஊர் திரும்பியபின் மனதில் நிற்பது வேறொன்று. யோக்யகர்த்தாவின் மாலியோபோரோ தெருவில் ஒருவர் நட்பாகப் பேச்சுக் கொடுத்தார். ஓவிய மாணவர்கள் மெழுகும் சாயமும் வைத்து வடிவம் வரைந்த பாத்திக் துணிகளின் கண்காட்சி நடக்கிறது, இன்றுதான் கடைசி நாள் என்று ஒரு சந்துக்குள் கூட்டிப்போனார். நல்ல விலை கொடுத்து இரண்டு துணி வாங்கினோம். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் பின்பக்கம் வெளுத்துக் கிடக்கிறது. வெறும் அச்சுத்துணி. சுற்றுலா ஊர்களில் கைவினை என்று விற்பதெல்லாம் இப்படித்தானா? இனிமேல் கோயில், கோட்டைகளை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்கிறார் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வ., கோயம்புத்தூர்

அன்புள்ள வ.,

பணம் போனதைவிட, சிரித்துப் பேசிய ஒருவரை நம்பிப் பின்னால் போனதுதான் அதிகம் உறுத்தும். அந்த ஊருக்குப் போகிற பலரிடமும் இதே 'கடைசி நாள்' கதையைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் நொந்துகொள்ள வேண்டாம்.

ஆனால் உங்கள் கணவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. துணி செய்கிற இடத்துக்கு முதலில் போயிருந்தால், அந்தச் சந்தில் துணியைக் கையில் வாங்கியதுமே நீங்கள் புரட்டிப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழக்கம் யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. அரைநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தானாக வந்துவிடும்.

யோக்யகர்த்தாவுக்குத் தெற்கே இமோகிரி என்று ஒரு குன்று. ஜாவாவை ஆண்ட சுல்தான் அகுங் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அரச கல்லறைகள் அதன் உச்சியில் இருக்கின்றன. அடிவாரத்தில் கிரிலோயோ என்ற சிற்றூர். நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நான் போனபோது திறந்த கூடம் ஒன்றில் நான்கு பெண்கள் ஒரு சின்ன அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பில் இருந்த வாணலியில் மெழுகு உருகிக்கொண்டிருந்தது. தேன்மெழுகும் பைன் மரப் பிசினும் சேர்ந்த கலவை. அந்த வாசனை அன்று முழுக்க என் சட்டையில் இருந்தது.

கையில் இருக்கும் கருவியின் பெயர் சாந்திங். மூங்கில் அல்லது மரப் பிடி, நுனியில் விரல்நுனி அளவுக்கு ஒரு செம்புக் கிண்ணம், அதிலிருந்து வளைந்து வரும் மெல்லிய குழல். மெழுகை மொண்டு, குழலின் வாயை ஒருமுறை ஊதி அடைப்பெடுத்துவிட்டு, துணியில் கோடு இழுக்கிறார்கள். மெழுகு ஆறினால் கோடு துணிக்குள் இறங்காது, அதிகம் சூடானால் பரவிவிடும். சரியான சூடு இருக்கிற சில நொடிகளுக்குள் கை நகர வேண்டும். ஒரு பக்கம் வரைந்து முடித்ததும் துணியைத் திருப்பி, அதே கோடுகளின் மேல் மறுபடி மெழுகு வைக்கிறார்கள். உங்கள் துணியின் வெளுத்த பின்பக்கத்துக்கான விளக்கம் இதில் இருக்கிறது. கையால் எழுதிய பாத்திக்குக்கு முன்பக்கம் பின்பக்கம் என்ற பேதம் கிட்டத்தட்டக் கிடையாது.

அப்புறம்தான் சாயம். முதலில் நீலத்தில் முக்குவார்கள், மெழுகு இருக்கும் இடம் வெள்ளையாகத் தங்கும். பழுப்பு வரவேண்டிய இடங்களில் மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, நீலமாகவே இருக்க வேண்டிய இடங்களை மூடிவிடுவார்கள். அடுத்தது சோகா என்ற பழுப்பு. மரப்பட்டைகளிலிருந்து எடுப்பது அதன் பழைய முறை. நீலத்தின் மேல் பழுப்பு ஏறிய இடம் கறுப்பாகும். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை மொத்தமாக உருக்கி எடுப்பார்கள். இரண்டரை மீட்டர் துணி ஒன்று இப்படி முடிய வாரக்கணக்கில் ஆகும், நுணுக்கமான வேலை என்றால் மாதக்கணக்கில். 2009இல் யுனெஸ்கோ இந்தோனேசிய பாத்திக்கைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது இந்தக் கைப்பழக்கத்துக்காகத்தான்.

அந்த ஊர்ப் பெண்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெகுகாலம் அவர்கள் மெழுகு வேலையை மட்டும் கூலிக்குச் செய்து நகரத்து வியாபாரிகளுக்குக் கொடுத்துவந்தார்கள். சாயம் போடுவதும் விற்பதும் வேறு கைகள். 2006 மே 27 அன்று வந்த நிலநடுக்கத்தில் 5,700க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், இந்த வட்டாரம்தான் அதிகம் நொறுங்கியது. வீடுகளை எழுப்பிக்கொண்டிருந்த காலத்தில்தான் அவர்கள் குழுக்களாகச் சேர்ந்து, சாயவேலையையும் கற்றுக்கொண்டு, தாங்களே விற்கத் தொடங்கினார்கள். செய்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. கேட்ட விலையைக் கொடுத்தேன்.

நான் வாங்கியது கவுங் என்ற வடிவம். நான்கு முட்டை வடிவங்கள் ஒரு புள்ளியில் கூடி, அதுவே துணி முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். அந்த ஊர்ச் சர்க்கரைப் பனையின் காயைக் குறுக்கே வெட்டினால் தெரியும் தோற்றம் என்கிறார்கள். நுங்கு வெட்டிப் பார்த்த நமக்கு அதைப் புரிந்துகொள்வது எளிது. மறுநாள் பிரம்பானான் போனேன். மையத்தில் இருக்கும் சிவன் கோயில் 47 மீட்டர் உயரம், 9ஆம் நூற்றாண்டு. முதல் முறை போனபோது அந்த உயரத்தையும் ராமாயணச் சிற்பங்களையும்தான் பார்த்திருந்தேன். இந்த முறை சுவரின் அலங்காரப் பகுதிகளிலேயே கண் நின்றது. அங்கே அதே கவுங் வடிவங்கள், கல்லில். முந்தின நாள் அந்தக் கூடத்தில் உட்காராமல் இருந்திருந்தால் அவற்றைத் தாண்டிப் போயிருப்பேன். கோயிலை மட்டும் பார்த்தால் போதுமா என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான், வ. கைவேலையைப் பார்த்தவருக்குக் கோயிலும் கூடுதலாகத் தெரிகிறது.

போரோபுதூரிலும் அப்படித்தான். 2,672 சிற்பப் பலகைகளில் எதைப் பார்ப்பது என்று திகைப்பு வருவது இயல்பு. நான் மண்பாண்டம் செய்கிறவர்கள் இருக்கும் காட்சியைத் தேடிப் போனேன். காரணம், கோயிலுக்குப் பக்கத்திலேயே கிளிபோ என்ற இடத்தில் இன்றும் பெண்கள் மெதுவாகச் சுற்றும் சக்கரத்தில் பானை செய்கிறார்கள். இப்போது கோயிலின் மேலே ஏற நாளுக்கு ஓர் அளவான எண்ணிக்கையினரைத்தான் விடுகிறார்கள். கல் தேயாமல் இருக்க உபானத் என்ற பின்னல் செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் பின்னியது, வீட்டுக்கு எடுத்துப்போகலாம். நீங்களும் போட்டிருப்பீர்கள். அந்தப் பயணத்தில் உங்களுக்குக் கிடைத்த நிஜமான கைவேலை அதுதான், பத்திரமாக வையுங்கள்.

அடுத்த முறைக்குச் சில குறிப்புகள். பின்பக்கம் வெளுத்திருந்தால் பெரும்பாலும் அச்சு. இரு பக்கமும் நிறம் இருந்தும் வடிவம் அச்சுப்பிசகாமல் ஒரே அளவில் திரும்பினால், அது செம்பு முத்திரையால் மெழுகு ஒற்றியதாக இருக்கலாம். அதன் பெயர் சாப். சாப்பா குத்துவது என்று கேட்டிருப்பீர்களே, அதேதான். அதுவும் மெழுகும் சாயமும் கொண்ட உண்மையான பாத்திக்தான், விலையும் குறைவு, தயங்காமல் வாங்கலாம். முழுக்கக் கையால் எழுதியதில் பக்கத்துப் பக்கத்துப் பூக்கள்கூட ஒன்றுபோல இருக்காது. பாராங் என்ற சாய்ந்த வரி வடிவத்தை வாங்கினால், யோக்யகர்த்தா சுல்தானின் அரண்மனைக்குள் உடுத்திப் போகாதீர்கள். அது அரச குடும்பத்துக்கு உரியதாக இருந்தது, இன்றும் அங்கே அந்த மரியாதையை எதிர்பார்க்கிறார்கள்.

கிரிலோயோவில் துணியை மடித்துக் கொடுத்த அம்மாள், இதற்குச் சோப்புத்தூள் ஆகாது என்று சைகையால் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு கைப்பிடி காய் கொண்டுவந்து காட்டினார். அவர்கள் மொழியில் லெராக். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, நம் பூந்திக்கொட்டையின் இனம். ஊற வைத்து நுரை எடுத்து அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். என் கவுங் துணியை அப்படித்தான் அலசுகிறேன், நிறம் இன்னும் இறங்கவில்லை.