தம்பிக்கு நீங்கள் அட்டவணை போட வேண்டாம்

அன்புள்ள அம்மா,

வணக்கம். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் இரவு வேலை முடிந்து, பாலம் கடந்து பிறையில் உள்ள வீட்டுக்கு வந்து சேர்ந்தும் தூங்காமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். நான்காம் படிவத்தில் இருக்கும் மகன் எப்போதும் போனும் கையுமாக இருக்கிறான், கத்தினால்தான் புத்தகத்தைத் தொடுகிறான், நல்ல அட்டவணையாக ஒன்று போட்டுக் கொடுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நானும் போடத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் நீங்கள் அனுப்பிய விவரத்தை வைத்துத் தம்பியின் வாரத்தைக் கூட்டிப் பார்த்தேன்.

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் நாளுக்கு எட்டு என்று வைத்தால் 56. பள்ளியும் பஸ் பயணமும் நாளுக்கு ஒன்பது, ஐந்து நாளுக்கு 45. டியூசன் நான்கு இரவு, போய் வருவதோடு 12. புதன் மாலை பள்ளிக் கேடட் பயிற்சி 3, ஞாயிறு காலை சிலம்பம் 3. குளிப்பது, சாப்பிடுவது, சாமி கும்பிடுவது, தங்கையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் நாளுக்கு மூன்று என்றால் 21. மிச்சம் 28 மணி நேரம். பரவாயில்லையே என்று தோன்றும். அந்த 28 எங்கே கிடக்கிறது என்று பாருங்கள்: திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு மணி, மொத்தம் ஐந்து. மீதி 23 மணியும் சனி, ஞாயிறில்.

பள்ளி வீட்டுப்பாடம், டியூசன் வீட்டுப்பாடம், நண்பர்கள், போன் எல்லாமே அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காது. அதனால் தூக்கத்தில் கை வைக்கிறான். பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகும். பத்து மணிக்குப் படுத்தாலும் தூக்கம் வராது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதுதான் மருத்துவர்களின் பரிந்துரை. ஆறரைக்குப் பஸ் ஏறுகிற பிள்ளை பன்னிரண்டுக்குப் படுத்தால், சனிக்கிழமை மதியம் வரை தூங்கத்தான் செய்வான். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். அந்தப் பையன் களைத்துப்போயிருக்கிறான்.

ஆகவே நான்கில் ஒரு டியூசனை நிறுத்துங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. உங்களுக்குப் பயமாக இருக்கும், தெரியும். மலாயை மட்டும் விட வேண்டாம். மலாயும் வரலாறும் தேறாவிட்டால், ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழே கிடைக்காது. கேடட்டிலும் கை வைக்காதீர்கள். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு யூ.பி.யூ. என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளியில் 10 விழுக்காடு கேடட் போன்ற புறப்பாட நடவடிக்கைக்குத்தான். சிலம்பம் அவன் மூச்சு விடும் நேரம், இருக்கட்டும். கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றில் எது போகலாம் என்பதைத் தம்பி சொல்லட்டும். காரணத்தையும் அவனே சொல்லட்டும். எது முக்கியம் என்று பிரிக்கப் பழகுவது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. நீங்கள் முடிவெடுத்துக் கொடுத்தால் அது உங்கள் அட்டவணை. நீங்கள் வேலைக்குப் போன இரவில் அதற்கு மதிப்பு இருக்காது.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம். போன வருடம் என்னிடம் வந்த ஒரு மாணவியின் நோட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது. பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் பென்சிலில், வேலை தொடங்குமுன் அவள் போட்ட கணக்கு: "கூ. கணிதம் 5 கேள்வி, 30 நிமிடம்." வலப்பக்கம் பேனாவில், உண்மையில் ஆன நேரம்: "1 மணி 15." அதற்குக் கீழே: "வரலாறு குறிப்பு, 2 மணி." எதிரே: "40 நிமிடம்." மலை போல நினைத்து மூன்று வாரம் தள்ளிப்போட்ட வேலை அது! அந்த 40ஐச் சுற்றிச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள்.

நேரத்தைத் தப்பாகக் கணிப்பது பிள்ளைகளின் குற்றம் இல்லை. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், பட்ட ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று சொன்ன மாணவர்களுக்கு 55 நாளுக்கும் மேல் பிடித்தது. அளந்து பார்த்தால்தான் கை பழகும். இரண்டு வாரம் தம்பி இப்படி எழுதட்டும். போனில் போன நேரத்தையும் அவனே எழுதட்டும். போனே கணக்குக் காட்டும். நீங்கள் அந்த நோட்டைத் திருத்தவும் வேண்டாம், அதை வைத்துத் திட்டவும் வேண்டாம். ஒரு நாள் வீட்டுப்பாடம் முடியாமல் போய் வகுப்பில் எழுந்து நின்றாலும் நிற்கட்டும். ஐந்தாம் படிவத்தில் தடுமாறுவதை விட இப்போதே தடுமாறிப் பழகுவது நல்லது.

நாளைப் பின்னாலிருந்து எண்ணுவதை அவனுக்குச் சொல்லித்தர வெளி ஆள் தேவையில்லை. தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் பால்குடம் எடுக்கிற குடும்பம் உங்களுடையது. பூச நாளைப் பார்த்து, அங்கிருந்து 48 நாள் பின்னோக்கி எண்ணி விரதம் தொடங்குகிறீர்கள் அல்லவா? அறிவியல் செயல்திட்டத்தை ஒப்படைக்கும் தேதியையும் அதே நாட்காட்டியில் குறித்து, அதே மாதிரி பின்னோக்கி எண்ணச் சொல்லுங்கள். சட்டென்று பிடித்துக்கொள்வான்.

சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை வரலாற்றுக்கு வைக்கலாமா என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள். வேறு நேரம் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து நோட்டோடு இருவரும் வாருங்கள். சிலம்பம் முடித்து வியர்வையோடு வந்தாலும் சரி. முதல் அரை மணி தம்பிதான் பேச வேண்டும். நீங்கள் வெளியே தேநீர் குடித்துக்கொண்டு இருங்கள்.