ஒரே பேரேட்டில் அறுவடை இயந்திரமும் பொலிகுதிரையும்

கேள்வி: அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் வசிக்கிறேன். 1870, 80களைச் சேர்ந்த ஒரு வியாபாரியின் பேரேடு ஏலத்தில் கிடைத்தது. ஒரு பக்கத்தில் அறுவடை இயந்திர விற்பனை. அடுத்த பக்கத்தில் ஒரு பொலிகுதிரையின் (இனவிருத்திக்கு விடும் ஆண்குதிரை) பெயர், அதன் கீழே ஊராரின் பெட்டைக்குதிரைகள். ஒரே குதிரைக்கு இரண்டு, மூன்று தேதிகள். சில இடங்களில் 'இன்ஷூரன்ஸ்' என்ற குறிப்பு. இவ்விரண்டு தொழில்களையும் ஒருவரே செய்தாரா? கணக்கை எப்படிப் படிப்பது?

பதில்: ஒருவரே செய்திருப்பார். இரண்டுக்கும் வாடிக்கையாளர் அதே விவசாயிதான். அன்றைய அறுவடை இயந்திரத்தை இழுத்தவை குதிரைகள். கதிரை அறுத்துக் கட்டும் இயந்திரங்கள் வந்தபோது பாரம் கூடியது. மூன்று, நான்கு குதிரைகள் தேவைப்பட்டன. கனத்த உடற்கட்டுள்ள பிரெஞ்சு பெர்ஷரான் இனத்துக்குக் கிராக்கி ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். 1851இல் ஒஹையோவுக்கு வந்த 'லூயி நெப்போலியன்' என்ற பெயர்பெற்ற பொலிகுதிரை, பிறகு உங்கள் இல்லினாய்க்குத்தான் விற்கப்பட்டது.

பேரேட்டில் என்ன விற்றது என்பதைவிட, பணம் எப்போது வர வேண்டியிருந்தது என்று பாருங்கள். அறுவடை இயந்திரத் தயாரிப்பாளர் சைரஸ் மெக்கார்மிக் 1847இல் சிக்காகோவுக்குத் தொழிலை மாற்றியபின் பரவலாக்கிய முறை இது: விலை சுமார் 120 டாலர், முன்பணம் 30, மீதிக்குப் புரோநோட்டு, தானியம் விற்ற கையோடு கட்டினால் போதும். அதனால் கெடு பெரும்பாலும் ஆண்டுக் கடைசியில் விழும். கூடவே உத்தரவாதமும் உண்டு. வயலில் ஓட்டிப் பார்த்துக் குறை இருந்தால் உடனே ஏஜென்டிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. ஜூலை மாதத்தில் உதிரிபாகம், ஆள் அனுப்பிய செலவு என்று சிறு தொகைகள் தென்பட்டால், யாருடைய இயந்திரமோ வயல் நடுவே நின்றுபோயிருக்கிறது.

குதிரைப் பக்கத்தில், பெட்டைக்குதிரையைப் பொலிகுதிரையோடு சேர்ப்பதற்கு மூன்று விதக் கட்டணம் இருக்கும். ஒரு தடவைக்கு மட்டும் என்பது மலிவு. அந்தப் பருவம் முழுவதற்கும் என்பது அதைவிடக் கூடுதல். சினை பிடித்தால் மட்டும் பணம் என்பதே நீங்கள் கண்ட இன்ஷூரன்ஸ். இழப்பு பொலிகுதிரைக்காரர் தலையில் என்பதால் அதற்குத்தான் அதிக விலை. சிலர் குட்டி எழுந்து நின்று பால் குடித்தால்தான் பணம் என்றுகூட ஒப்புக்கொண்டார்கள். பெட்டைக்குதிரைக்குச் சினைப்பருவம் சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரும்பும். மே 3, மே 24 என்று அதே பெயர் மறுபடி வந்தால் முதல் தடவை சினை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் பதினொரு மாதத்தில் குட்டி. இன்ஷூரன்ஸ் வரவு பெரும்பாலும் அடுத்த ஆண்டு ஏப்ரல் பக்கத்தில் இருக்கும், இந்த ஆண்டுப் பக்கத்தில் தேடிப் பயனில்லை. இடையில், குட்டி போடுவதற்கு வெகு முன்பே முழுத் தொகையும் வரவாகியிருந்தால், பெட்டைக்குதிரையை விற்றிருக்கலாம்: விற்றால் சினை பிடித்ததாகவே கொண்டு பணம் கட்ட வேண்டும் என்பது பொலிகுதிரைக்காரர்களின் துண்டறிக்கைகளில் வழக்கமாக அச்சான நிபந்தனை. கறாரான ஆட்கள்!

பேரேட்டோடு புரோநோட்டுகளும் கிடைத்திருந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நோட்டை வங்கிக்கோ வேறொருவருக்கோ விற்கலாம். விற்ற கையெழுத்து அங்கேதான் இருக்கும். விவசாயிகள் அந்நாளில் ஏமாந்த இடமும் இதுவே. பொருள் பழுது என்று விற்றவரிடம் சண்டை போடலாம். விவரம் அறியாமல் நோட்டை வாங்கிய மூன்றாம் ஆளிடம் அந்த வாதம் எடுபடாது. ஒரே நோட்டின் முன்பக்கத்தில் ஏழெட்டுக் கையெழுத்துகள் இருந்தால், ஊரார் பங்கு போட்டுப் பொலிகுதிரை வாங்கியிருக்கலாம். 1880களிலிருந்து இப்படி விற்றுத் திரிந்தவர்கள் பலர். விலையை ஏற்றிவிடுவதும் சகஜம். அத்தகைய நோட்டில் ஒருவர் நழுவினால் மற்றவர்கள் தலையில் விழும்.

கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு உங்கள் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அலுவலகத்துக்குப் போங்கள். இயந்திரத்தையும் கால்நடையையும் ஈடாக வைத்த அடமானங்கள் பதிவாகியிருக்கக்கூடிய இடம் அது.