பக்கத்து நாடுதானே என்று செலவைக் குறைத்துப் போடாதீர்கள்

கேள்வி: எல்லைக்கு அந்தப் பக்கம் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. நான், மனைவி, பள்ளிக்குப் போகும் மகன் மூவரும் இன்னும் நாலு மாதத்தில் குடிபெயர்கிறோம். கையில் ஆறு மாதச் செலவுக்கான சேமிப்பு உண்டு. இங்கே வீட்டுக் கடனும் ஓடுகிறது. லாரியில் போய்விடும் தூரம்தான் என்பதால் சாமான்களை மொத்தமாக ஏற்றிக்கொண்டு, இங்குள்ள வங்கிக் கணக்கை மூடிவிட்டுக் கிளம்பலாம் என்று இருக்கிறேன். சரியா?

பதில்: கணக்கை மூடாதீர்கள். கடன் தவணை அதிலிருந்துதான் போகவேண்டும். கடைசிச் சம்பள பாக்கி, திரும்ப வரவேண்டிய வரி எல்லாம் அதில்தான் வந்து விழும். குடிபெயர்ந்த விவரத்தை வங்கிக்குச் சொல்லிவிடுங்கள், வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் கணக்கின் வகையையே மாற்றச் சொல்லும் நாடுகளும் உண்டு. இன்னொன்று, இந்த ஊர் சிம்மை உயிரோடு வைத்திருங்கள். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும், அது வராவிட்டால் உங்கள் பணத்தையே உங்களால் தொட முடியாது.

சரி, நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதில்தான் பணம் அதிகமாகப் போகும். கிளம்பும் தேதி. பல நாடுகளில் ஒரு வரி ஆண்டில் 183 நாள் தங்கினால் நீங்கள் அந்த நாட்டின் வரிக் குடியிருப்பாளர், அதாவது வரி விஷயத்தில் அந்த நாட்டில் வசிப்பவராகக் கருதப்படுவீர்கள். ஆனால் வரி ஆண்டு எங்கே எப்போது தொடங்குகிறது என்பது வேறுபடும், சில நாடுகள் ஆண்டைப் பார்க்காமல் தொடர்ச்சியான 12 மாதத்தை எண்ணும். குடும்பம், வீடு எங்கே இருக்கிறது என்று பார்க்கும் நாடுகளும் உண்டு. இரண்டு நாடும் உங்களை உரிமை கொண்டாடினால் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் வழக்கமாக முதல் கேள்வி நிரந்தர வீடு எங்கே, அடுத்தது குடும்பமும் வருமானமும் எந்தப் பக்கம் அதிகம். நீங்கள் முன்னே போய், மனைவியும் மகனும் பள்ளி ஆண்டு முடிந்து வருவதாக இருந்தால் பதிலே மாறக்கூடும். அதனால் லாரிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பு, இரண்டு நாட்டு வரியும் தெரிந்த ஒருவருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துவிடுங்கள். சொல்லாமல் இருந்துவிடலாம் என்ற யோசனை வேண்டாம், 2014-ல் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்புக்கான நாடுகளின் அமைப்பு) கொண்டுவந்த ஏற்பாட்டின்படி நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் வங்கிக் கணக்கு விவரங்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்கின்றன.

உங்கள் ஆறு மாதச் சேமிப்பு எனக்குக் கொஞ்சம் குறைவாகவே படுகிறது. அது இங்குள்ள விலையில் போட்ட கணக்கு. அங்கே முதல் சம்பளம் வர ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகலாம், அதற்குள் வாடகை முன்பணம், தரகர், பள்ளிக் கட்டணம் எல்லாம் வந்து நிற்கும். நீங்கள் இங்கே ஒழுங்காகக் கடன் கட்டியவர் என்பது அங்கே யாருக்கும் தெரியாது, கடன் மதிப்பெண் பெரும்பாலும் எல்லை தாண்டுவதில்லை, ஆகவே வீட்டுக்காரர் கூடுதல் முன்பணம் கேட்டால் கோபப்பட்டுப் பயனில்லை. இடமாற்றச் செலவைக் கம்பெனி ஏற்கிறதா, பில் கொடுத்த பிறகு தருமா முன்பே தருமா, அதற்கு வரி உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பணம் மாற்றும்போது 'கட்டணம் இல்லை' என்ற விளம்பரத்தில் மயங்காதீர்கள். சந்தை நடு விகிதம், அதாவது நாணயத்தை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலுள்ள விலை, 100 என்று இருக்கும்போது உங்களுக்கு 97 கிடைத்தால், 10 லட்சத்தில் 30,000 சத்தமில்லாமல் போயிற்று. முதல் மூன்று மாதத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே மாற்றி வையுங்கள், மீதியைத் தவணையாக மாற்றலாம். கடன் இங்கே, சம்பளம் அங்கே என்பதையும் மறக்கவேண்டாம்: அந்த நாணயம் 10% சரிந்தால் உங்கள் தவணைச் சுமை 11% ஏறும். அதற்காக ஆறு தவணைக்கான தொகையை இந்தக் கணக்கிலேயே விட்டுவைக்கச் சொல்வேன். சேமிப்பு இடம் கொடுக்காவிட்டால் மூன்று தவணைக்காவது விட்டுவையுங்கள்.

சாமான்களை மொத்தமாக ஏற்றவேண்டாம். பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்குப் பல நாடுகளில் சுங்க விலக்கு கிடைக்கும், ஆனால் நிபந்தனையோடு; ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தது 6 மாதம் உங்களிடம் இருந்த பொருளாக இருக்கவேண்டும். 'போகும்போது புதுசாக வாங்கிக்கொண்டு போவோம்' என்று டிவி வாங்குபவர்கள் வரி கட்டுவது இங்கேதான். சுங்கத்தில் காட்டும் சாமான் பட்டியலில் 'பெட்டி 14: இதர பொருட்கள்' என்று எழுதினால் அந்தப் பெட்டியைத்தான் முதலில் பிரிக்கச் சொல்வார்கள்; 'பெட்டி 14: பழைய பாத்திரங்கள், மிக்சி ஒன்று' என்று எழுதுங்கள். சோபா, பீரோ, வாஷிங் மெஷின் மூன்றையும் விற்றால் என்ன கிடைக்கும், அங்கே பழையதாக வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று கேட்டுப் பார்த்துவிட்டு, அவற்றைச் சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று என்று லாரிக்காரரிடம் இரண்டு விலை வாங்குங்கள். கார் இருந்தால் பெரும்பாலும் விற்பதே லாபம், இறக்குமதி வரியும் மறுபதிவும் சேர்ந்தால் காரின் விலையையே தொட்டுவிடலாம்.

வீட்டை வாடகைக்கு விடுவதாக இருந்தால் கடன் ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். நம்பிக்கையான ஒருவருக்கு, அந்த வீட்டு விவகாரங்களுக்கு மட்டுமான பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அங்கே போனபிறகு எழுதினால் தூதரகத்தில் கையெழுத்து, சான்றொப்பம் என்று வேலைக்கு விடுப்பெடுத்து அலையவேண்டி வரும்.