முதல் ஆட்டோமேட்டிக் வாட்ச்: இந்த மாதக் கேள்வி-பதில்

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முதல் ஆட்டோமேட்டிக் வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் எழுதியவை. ஒரு வேண்டுகோள்: "வாட்ச் ஓடவில்லை, ஏன்?" என்று மட்டும் எழுதாதீர்கள். பின்மூடியில் இருக்கும் எண்ணையும் எழுதுங்கள். எனக்கு ஜோசியம் தெரியாது.

வெள்ளி இரவு கழற்றி வைத்தால் திங்கள் காலை நின்றுபோய்க் கிடக்கிறது. செல் மாற்ற வேண்டுமா? (கோவை)

உள்ளே செல்லே இல்லை. உங்கள் கை அசைவில் ரோட்டார் என்ற எடைத்தகடு சுற்றி ஸ்ப்ரிங்குக்கு முறுக்கேற்றுகிறது. சாதாரண ஆட்டோமேட்டிக் முழு முறுக்கில் 40 மணி நேரம் ஓடும். வெள்ளி இரவு கழற்றினால் ஞாயிறு மதியம் நிற்க வேண்டியதுதான். சுவிஸ் நிறுவனமான டிஸ்ஸோவின் பவர்மேட்டிக் 80 போன்ற இயந்திரங்கள் மூன்று நாள் தாண்டும். நிற்பதால் எதுவும் கெடாது. கிரௌனை, அதாவது பக்கவாட்டில் இருக்கும் திருகை, 25, 30 சுற்று சுற்றிவிட்டுக் கட்டுங்கள். சீக்கோவின் பழைய 7எஸ்26 மாதிரி சில இயந்திரங்களுக்குக் கையால் சாவி கொடுக்க வழி இல்லை. பக்கவாட்டில் அரை நிமிடம் ஆட்டினால் போதும்.

அப்புறம் தேதி. வாட்ச் காட்டும் நேரம் இரவு 9 முதல் அதிகாலை 3 வரை இருக்கும்போது தேதியைத் திருகாதீர்கள். அந்த நேரத்தில் தேதிப் பல்சக்கரம் கோத்துக்கொண்டிருக்கும், திருகினால் பல் உடையும். தேதி தானாக மாறும் வரை முள்ளை முன்னால் ஓட்டி, காலை 6-க்குக் கொண்டுவந்து, அதன் பிறகு மாற்றுங்கள்.

28 ஆயிரம் கொடுத்து வாங்கிய சீக்கோ 5 தினமும் 12 நொடி முந்துகிறது. திருப்பிக் கொடுக்கலாமா? (நாகர்கோவில்)

கொடுத்தால் சிரிப்பார்கள். அதில் இருக்கும் 4ஆர்36 இயந்திரம் நாளுக்கு 45 நொடி முந்தலாம், 35 நொடி பிந்தலாம் என்று நிறுவனமே சொல்கிறது. சுவிட்சர்லாந்தில் துல்லியத்தைச் சோதித்துத் தரும் சிஓஎஸ்சி சான்றிதழ் வாங்கிய இயந்திரங்களுக்கே 6 நொடி முந்தவும் 4 நொடி பிந்தவும் அனுமதி உண்டு. நொடி சுத்தம்தான் முக்கியம் என்றால் செல்லில் ஓடும் 500 ரூபாய் குவார்ட்ஸ் வாங்குங்கள், அது மாதத்துக்கே 20 நொடிதான் தவறும். உங்கள் 12 நொடியைக் குறைக்க ஒரு வழி: இரவில் டயல் மேலே பார்க்க ஒரு வாரம், கிரௌன் மேலே பார்க்க ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு நிலையில் பிந்தக்கூடும். பகலில் முந்தியதை இரவில் கழித்துக்கொள்ளலாம்.

இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியது, திடீரென்று ஒரே நாளில் ஐந்து நிமிடம் முந்துகிறது. (சிவகாசி)

பெரும்பாலும் காந்தம். ஸ்பீக்கர் மேலோ டேப்லெட் கம்ப்யூட்டரின் உறை மேலோ வைத்திருப்பீர்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய ஹேர்ஸ்ப்ரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வாட்ச் தலைதெறிக்க ஓடும். கடையில் காந்தம் நீக்கும் டீமேக்னடைசரில் காட்டினால் ஒரு நிமிட வேலை. அதைச் செய்து பார்க்காமலே முழு சர்வீஸ் என்று பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆன்லைனில் பழைய சீக்கோ 5, ஆரஞ்சு டயல், "1970-களின் ஒரிஜினல், புதுசு மாதிரி" என்று 2,800 ரூபாய்க்கு வருகிறது. குறைந்த செலவில் தொடங்க நல்ல வழிதானே? (விழுப்புரம்)

இல்லை, இல்லை, இல்லை. இதை எத்தனை தடவை எழுதியிருப்பேன்!

பழைய வாட்சுகளை மொத்தமாக வாங்கி, பிரித்து, நாலு வாட்சின் உறுப்புகளை ஒன்றாகச் சேர்த்து, டயலுக்குப் பெயின்ட் அடித்து விற்பது மும்பையில் பல வருடத் தொழில். உள்ளே இருப்பது சீக்கோவின் அசல் 7009 இயந்திரமாகவே இருக்கலாம். ஆனால் அதற்கு வயது பெரும்பாலும் நாற்பதுக்கு மேல். கடைசியாக எப்போது எண்ணெய் பார்த்தது என்று விற்பவருக்கே தெரியாது. முள் ஒரு மாடலுடையது, கேஸ் (வெளிக்கூடு) இன்னொன்றினுடையது. டயலோ, எந்த ஆலையும் கனவில்கூட நினைக்காத கிளிப்பச்சையிலும் மாம்பழ மஞ்சளிலும் இருக்கும்.

நானும் ஏமாந்தவன்தான். முதல் சம்பளத்தில் ஒரு கடையில் நீல டயல் வாட்ச் வாங்கினேன். மூன்றாம் மாதம் பெயின்ட் பொரிந்து உதிர்ந்தது, அடியில் அசல் வெள்ளி டயல் எட்டிப் பார்த்தது. அந்த வெள்ளி டயல்தான் அழகு என்பது தனி வயிற்றெரிச்சல்.

பார்த்து வாங்க வேண்டுமென்றால் இதையெல்லாம் பாருங்கள். டயலின் அடி ஓரத்தில், 6-க்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். அதன் முதல் நான்கு இலக்கங்களும் பின்மூடியில் இருக்கும் மாடல் எண்ணின் முதல் நான்கும் பெரும்பாலும் ஒத்துப்போகும். பெயின்ட் அடித்ததில் அந்த வரியே இருக்காது, இருந்தாலும் கண்டபடி இருக்கும். பின்மூடியின் வரிசை எண்ணில் முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது இடத்தில் இருப்பது மாதத்தின் குறி. கேஸின் ஓரங்கள் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருந்தால் பஃப் அடித்துத் தேய்த்திருக்கிறார்கள்.

எச்எம்டியிலும் இதே கதை. அதன் கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016-இல் முடிவெடுத்தது. இத்தனை வருடமாகத் தீராத "ஆலை மிச்சச் சரக்கு" எங்கிருந்து வருகிறது என்று விற்பவரைக் கேளுங்கள்.

ஐம்பது வயது இயந்திரத்தை ஓட வைக்கும் அந்தக் கைகளை நான் குறை சொல்லவில்லை. அது பெரிய வித்தை. "பெயின்ட் அடித்த டயல்" என்று சொல்லி ஆயிரத்து ஐந்நூறுக்கு விற்றால் நானே வாங்குவேன். ஒரிஜினல் என்று சொல்லி விற்பதுதான் எரிச்சல்.

தண்ணீர் தாங்கும் அளவு 30 மீட்டர் என்று போட்டிருக்கிறது. கிணற்றில் நீந்தலாமா? (திண்டுக்கல்)

கூடாது. 30 என்றால் கை கழுவலாம், மழையில் நனையலாம், அவ்வளவுதான். நீந்த 100 வேண்டும், கிரௌன் முழுக்க உள்ளே இருக்க வேண்டும். எந்த வாட்ச்சோடும் வெந்நீரில் குளிக்காதீர்கள்.

அப்பாவின் எச்எம்டி ஜனதா ஆட்டோமேட்டிக், நாள் முழுக்கக் கட்டினாலும் ஓடவில்லை. (புதுக்கோட்டை)

ஜனதா ஆட்டோமேட்டிக் இல்லை, சாவி கொடுக்கும் வாட்ச். தினமும் காலையில் கிரௌனைச் சுற்றுங்கள், முட்டியதும் நிறுத்திவிடுங்கள். அப்பா அப்படித்தான் செய்திருப்பார். எச்எம்டியில் ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் காஞ்சன் மாதிரி மாடல்களைத் தேடுங்கள்.

24 ஜுவல் வாங்குவதா, 21 ஜுவலா? (சிங்கப்பூர்)

டயல் பிடித்ததை வாங்குங்கள். ஜுவல் என்பது தேய்மானத்தைக் குறைக்கும் செயற்கை மாணிக்கக் கல், நகை இல்லை.

கழற்றி வைத்த வாட்சைச் சுழற்றி முறுக்கேற்றும் பெட்டி, வாட்ச் வைண்டர், அவசியமா? (சென்னை)

இருப்பதே ஒரு வாட்ச் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கையில் கட்டுங்கள்.

மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த சீக்கோ கைனெட்டிக், எவ்வளவு ஆட்டினாலும் நின்றுவிடுகிறது. ஆட்டோமேட்டிக்தானே? (ராமநாதபுரம்)

பாதி. ரோட்டார் உண்டு, ஆனால் அது ஸ்ப்ரிங்கை முறுக்குவதில்லை, மின்சாரம் எடுக்கிறது. அதைச் சேமிக்கும் ரீசார்ஜ் செல் வயதாகிப் போயிருக்கும். அதற்கென்று உள்ளதையே போடச் சொல்லுங்கள். சாதாரணச் செல்லைத் திணித்துத் தரும் ஆட்கள் இருக்கிறார்கள்.

எந்த ஆட்டோமேட்டிக் நல்லது? (ஊர் எழுதவில்லை)

பட்ஜெட்டும் எழுதவில்லை, மணிக்கட்டு அளவும் எழுதவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்: மியோட்டா 82 வரிசை இயந்திரமோ சீக்கோவின் என்எச்35 இயந்திரமோ உள்ளே இருந்தால் நாளை ரிப்பேருக்குக் கவலை இல்லை, பாகம் கிடைக்கும், முழு இயந்திரத்தையே மாற்றினாலும் பெரிய செலவில்லை. ஐந்து வருடத்துக்கு ஒரு சர்வீஸ் உண்டு, அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். நம் ஊர் வியர்வைக்குத் தோல் ஸ்ட்ராப் ஒரு கோடை தாங்குவதே அதிகம், செயினாகவே வாங்குங்கள்.

நேற்று இரவு 11 மணிக்குத் தேதியை மாற்றினேன். இப்போது 7-க்கும் 8-க்கும் நடுவில் சிக்கி நிற்கிறது. (தஞ்சாவூர்)

முதல் பதிலைப் படியுங்கள். படித்துவிட்டு, கிரௌனை மேலும் திருகாமல், ரிப்பேர்காரரிடம் கொண்டு போங்கள்.